நான் வாங்கின கேமரா நான் சொல்றத ஏன் கேக்க மாட்டேங்குது?

என் கேமராவுல கஸ்டம் பட்டன்னு பேர் போட்டு சில பட்டன் இருக்கு. மெனுக்குள்ள போனா ஒவ்வொரு பட்டனுக்கும் நீளமா ஒரு லிஸ்ட் வரும், ஐஎஸ்ஓ, வைட் பேலன்ஸ், ஃபோகஸ் ஏரியான்னு. அதுலேர்ந்து ஒண்ண எடுத்து பட்டன்ல மாட்டிக்கலாம், அவ்ளோதான் கஸ்டம். பறவை எடுக்கறப்ப எனக்கு வேண்டியது வேற. ஒரு பட்டன அமுக்கி பிடிச்சா ஷட்டர் 1/2000 விநாடிக்கு போகணும், ஃபோகஸ் கண்டினியூவஸுக்கு மாறணும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டற உணர்வு) ஆட்டோ ஆகணும், ஆனா வெளிச்சம் குறைஞ்சு ஐஎஸ்ஓ 6400ஐ தொட்டுடுச்சுன்னா அதுக்கு மேல ஏத்தாம ஷட்டர மெதுவா 1/1000 வரைக்கும் இறக்கணும், விரல எடுத்தா எல்லாம் பழையபடி ஆயிடணும். இதுல முதல் பாதி, அதாவது அமுக்கினா ஒரு செட்டிங் கூட்டம் மொத்தமா மாறுறது, சில விலை கூடின மாடல்ல இப்ப வந்துடுச்சு. ரெண்டாவது பாதி எந்த மெனுவுலயும் நான் பாக்கல.

ஏன்னா அந்த ரெண்டாவது பாதி ஒரு செட்டிங்கே இல்ல. அது ஒரு கண்டிஷன். இப்படி ஆச்சுன்னா அத செய், இல்லேன்னா இத செய், இது நடக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப செய். கேமரா மெனு எவ்ளோ பெருசா வளர்ந்தாலும் அதுல இந்த "ஆச்சுன்னா" வரவே வராது, அதுக்கு நாலு வரி எழுத இடம் வேணும். இந்த போஸ்ட் முழுக்க நான் கேக்கப்போறது அந்த நாலு வரிக்கான இடத்த மட்டும்தான்.

இடம் இல்லாம ஒண்ணும் இல்ல. நம்ம கையில இருக்கற டிஜிட்டல் கேமரா ஒரு முழு கம்ப்யூட்டர். ப்ராசஸர் இருக்கு, மெமரி இருக்கு, ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. கேனான் ஆரம்பத்துல பவர்ஷாட்ல விஎக்ஸ்வொர்க்ஸ் வச்சிருந்தாங்க, அப்புறம் ட்ரையோஸ்னு அவங்களோடத கொண்டு வந்தாங்க. சாம்சங் என்எக்ஸ்1ல ஓடினது டைஸன். சோனியோட பல மாடல்ல உள்ளுக்குள்ள ஆண்ட்ராய்டே ஒரு ஓரமா ஓடிட்டு இருந்துச்சு. வீடு நம்ம பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு, ஆனா ஒரு ரூமுக்கு மட்டும் சாவி கட்டினவர் கிட்டயே இருக்குன்னா ஒத்துக்குவோமா? கேமராவுல மட்டும் காலங்காலமா ஒத்துக்கிட்டு இருக்கோம்.

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கறது, இந்த சாவிய ஒரு காலத்துல கம்பெனிக்காரங்களே கொடுத்திருக்காங்க. 1998ல கோடாக் டிசி220, டிசி260னு ரெண்டு கேமரா விட்டாங்க, அதுல ஃப்ளாஷ்பாயிண்ட்னு ஒரு கம்பெனி செஞ்ச டிஜிட்டான்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்துச்சு. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல ஸ்கிரிப்ட் எழுதி மெமரி கார்டுல போட்டா கேமரா மெனுவுலயே அது வந்து நிக்கும், தேர்ந்தெடுத்து ஓட்டலாம். எக்ஸ்போஷர மாத்தி மாத்தி வரிசையா எடுக்கறது, குறிப்பிட்ட இடைவெளியில எடுக்கறது எல்லாம் அதுல எழுதலாம். அதுக்கு அப்புறம் வந்த டிசி290ல சில பேர் டூம் கேம் கூட ஓட்டிக் காட்டினாங்க. அப்ப சென்சார் ஒண்ணு, ரெண்டு மெகாபிக்சல்தான். இன்னிக்கு 40, 50 மெகாபிக்சல் வந்தாச்சு, ஸ்கிரிப்ட் மட்டும் காணாம போச்சு.

கம்பெனி கைவிட்டத யூசர்ஸ் கையில எடுத்த கதைதான் சிஎச்டிகே, கேமராவுல நாமளே ஏத்திக்கற ஒரு சாஃப்ட்வேர். கேனான் பவர்ஷாட் சின்ன கேமராக்களுக்கு, யூசர்ஸ்ல சில பேர் ஆரம்பிச்சு வச்சு அப்புறம் பல பேர் சேர்ந்து வளர்த்தது. இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும், ஏன்னா அந்த டிசைன்லயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கு. எஸ்டி கார்டோட பக்கவாட்டுல சின்னதா ஒரு லாக் இருக்கும்ல, எழுத முடியாம பண்றதுக்கு, அத நாம யாரும் தொடறதே இல்ல. அந்த லாக்க போட்டுட்டு கேமராவ ஆன் பண்ணா, கேமரா அந்த கார்டுல பூட் பண்றதுக்கான அடையாளம் இருக்கான்னு பாக்கும், இருந்தா அதுல இருக்கற ஃபைல எடுத்து மெமரியில ஏத்திக்கும். கார்டு லாக்ல இருந்தாலும் போட்டோ வழக்கம்போல பதிவாகும், அதயும் அவங்களே சரி பண்ணி வச்சிருக்காங்க. லாக்க எடுத்துட்டு ஆன் பண்ணா பழைய கேமரா அப்படியே வந்துடும். ஒரிஜினல் ஃபர்ம்வேர்ல, அதாவது கம்பெனி உள்ள வச்சு அனுப்பின சாஃப்ட்வேர்ல, ஒரு எழுத்து கூட மாறாது. புடிக்கலேன்னா கார்டு லாக்க தள்ளினா போதும், எல்லாம் முன்ன இருந்த மாதிரியே. யூசருக்கு திறந்து விட்டா கேமரா கெட்டுப் போயிடும்னு பயப்படறவங்க இந்த ஒரு ஏற்பாட்ட கவனிக்கணும்.

அப்படி ஏத்தினதும் என்ன கிடைக்கும்னா, ஜேபெக் மட்டுமே கொடுத்த கேமரா ரா ஃபைல் (சென்சார் பாத்தத அப்படியே வச்சிருக்கற ஃபைல்) கொடுக்கும். 15 விநாடியோட நின்ன ஷட்டர் ஒரு நிமிஷத்துக்கு மேல திறந்து நிக்கும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல வெளிச்சம் எப்படி பரவியிருக்குன்னு காட்டற வரைபடம், திரையில ஓடிக்கிட்டே இருக்கும். இதெல்லாம் நல்லதுதான், ஆனா எனக்கு பெரிய விஷயம் ஸ்கிரிப்ட். முதல்ல யுபேசிக்னு ஒரு சின்ன பேசிக் மொழி, அப்புறம் லுவா. கார்டுல ஸ்கிரிப்ட் ஃபைல போட்டு, ஆல்ட் மோடுக்கு போயி, ஷட்டர அமுக்கினா ஓட ஆரம்பிச்சுடும்.

மின்னல் ஸ்கிரிப்ட்டத்தான் நான் எல்லாருக்கும் உதாரணமா சொல்லுவேன். சிஎச்டிகேல அசைவ கண்டுபிடிக்க ஒரு கட்டளை இருக்கு. திரைய கட்டம் கட்டமா பிரிச்சுக்கும், நெடுக்க எத்தனை, குறுக்க எத்தனைன்னு நாம சொல்லலாம். ஒவ்வொரு கட்டத்தோட வெளிச்சத்தயும் அளந்து வச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அளந்து, வித்தியாசம் நாம சொன்ன அளவ தாண்டிச்சான்னு பாக்கும். தாண்டின கட்டம் எத்தனைன்னு நமக்கு எண்ணிக்கை சொல்லும். அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல போச்சுன்னா ஷூட், இல்லேன்னா திரும்ப காத்திரு. அவ்ளோதான் ஸ்கிரிப்ட். கீழ மரம் ஆடுது, ரோட்டுல வண்டி விளக்கு வருதுன்னா அந்த கட்டங்கள கணக்குல எடுக்காதன்னு மறைச்சு விடலாம். ஃபோகஸ முன்னாடியே பூட்டி வச்சுடணும், அத மறந்தா ஒண்ணும் நடக்காது, கேமரா ஃபோகஸ தேடி முடிக்கறதுக்குள்ள மின்னல் போயிடும்.

இதுல ஒரு நியாயமான சந்தேகம் வரும், மின்னல பாத்துட்டு அப்புறம் ஷட்டர திறந்தா லேட் ஆயிடாதான்னு. கேமரா எதிர்வினை காட்ட ஒரு விநாடியில பத்துல ஒரு பங்கு அளவுக்கு ஆகத்தான் செய்யும். ஆனா நம்ம கண்ணுக்கு ஒரே மின்னலா தெரியறது பெரும்பாலும் ஒரே பாதையில அடுத்தடுத்து பாயற மூணு நாலு வெட்டு, மொத்தமா பாத்தா அரை விநாடி வரைக்கும் கூட நீளும், அதனாலதான் மின்னல் துடிக்கற மாதிரி தெரியுது. முதல் வெட்டு கேமராவ எழுப்பும், அடுத்த வெட்டு போட்டோவுல விழும். எல்லா தடவையும் விழாது, ஒரே வெட்டோட முடியற மின்னலும் உண்டு. ஆனாலும் இத முதல் தடவை படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, கேமரா செஞ்ச கம்பெனி கனவுல கூட நினைக்காத ஒரு வேலைய, வானத்தப் பத்தி தெரிஞ்ச யாரோ ஒருத்தர் பத்து வரியில செய்ய வச்சிருக்காரு.

இதே மாதிரி புக் ஸ்கேன் பண்றவங்க ரெண்டு பவர்ஷாட்ட எதிரெதிரா வச்சு, யுஎஸ்பி ஓட்டை வழியா ஒரு சின்ன மின்சார துடிப்பு அனுப்பி ரெண்டையும் ஒரே நேரத்துல க்ளிக் பண்ண வச்சாங்க. காத்தாடியில கட்டி விட்டவங்க இருக்காங்க. 2009ல எம்ஐடி மாணவர்கள் சில பேர் ஒரு பலூன்ல சின்ன கேனான் கேமராவ கட்டி சிஎச்டிகே இண்டர்வல் ஸ்கிரிப்ட்டோட மேல அனுப்பி, சுமார் 28 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து பூமியோட வளைவ எடுத்துட்டு வந்தாங்க. எல்லாமே கடையில கிடைச்ச சாதாரண கேமரா.

டைம்லேப்ஸ் எடுக்கறவங்களுக்கு நான் சொல்றது இன்னும் நல்லா புரியும். சாயங்காலத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரே டைம்லேப்ஸா எடுக்கறதுதான் இதுல கஷ்டமான வேலை. ஆரம்பத்துல ஷட்டர் 1/1000 இருக்கும், முடிக்கறப்ப 16 விநாடி இருக்கும், நடுவுல 14 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). அப்பர்ச்சர் ப்ரயாரிட்டியில (லென்ஸ் துவாரத்த நாம வச்சுட்டு ஷட்டர கேமரா கிட்ட விடறது) விட்டா கேமரா ஒவ்வொரு படத்தயும் தனித்தனியா அளக்கும், ஒரு வண்டி விளக்கு குறுக்க வந்தா அந்த ஒரு படம் மட்டும் இருட்டாகும், வீடியோவா ஓட்டினா கண்ண சிமிட்டற மாதிரி இருக்கும். மேனுவல்ல விட்டா நாம பக்கத்துலயே உக்காந்து டயல திருகிக்கிட்டு இருக்கணும், திருகறப்ப ட்ரைபாட் ஆடினா போச்சு. இதுக்கு வேண்டிய கட்டளை எவ்ளோ எளிமையா இருக்கு பாருங்க: கடைசி பத்து படத்தோட ஹிஸ்டோகிராம சராசரி எடு, நான் சொன்ன வெளிச்சத்த விட குறைஞ்சிருந்தா ஷட்டர 1/6 ஸ்டாப்புக்கு மேல போகாம கூட்டு, ஷட்டர் 16 விநாடிய தொட்டாச்சுன்னா அத நிறுத்திட்டு ஐஎஸ்ஓவ கூட்டு, எப்பவும் அப்பர்ச்சர தொடாத. கடைசி வரி ஏன்னா அப்பர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா அதே இடத்துக்கு வராது, அந்த துளி வித்தியாசமே சிமிட்டலா தெரியும். 16 விநாடி ஏன்னா 20 விநாடிக்கு ஒரு படம்னு வச்சா கார்டுல எழுதறதுக்கு நாலு விநாடி வேணும். இந்த மாதிரி விஷயம் எல்லாம் களத்துல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும், மெனு டிசைன் பண்றவங்க எவ்ளோ கெட்டிக்காரங்களா இருந்தாலும் ஒவ்வொருத்தரோட இந்த அறிவயும் மெனுவுல கொண்டு வர முடியாது. அவங்க கொண்டு வரணும்னு நான் கேக்கவும் இல்ல. எங்கள எழுத விடுங்கன்னுதான் கேக்கறேன்.

பெரிய கேமராவுக்கு வந்தா மேஜிக் லாண்டர்ன், சிஎச்டிகே மாதிரியே யூசர்ஸ் எழுதின சாஃப்ட்வேர். 2008ல கேனான் 5டி மார்க் 2 வந்தப்ப, அதுல வீடியோ எடுக்க முடியும்னு சினிமா எடுக்கறவங்க எல்லாம் ஓடி வந்தாங்க, வந்து பாத்தா வீடியோவுல எக்ஸ்போஷர கையால வைக்க முடியாது, சவுண்ட் அளவு தானா ஏறி இறங்கும். ட்ராமெல் ஹட்சன்னு ஒருத்தர் 2009ல ஆரம்பிச்சாரு, சவுண்ட் மீட்டர், கையால சவுண்ட் அளவு வைக்கறது, வெளிச்சம் மிஞ்சின இடத்துல வரிக்குதிரை கோடுன்னு. அதே வருஷம் ஜூன்ல கேனானும் வீடியோவுக்கு மேனுவல் எக்ஸ்போஷர ஃபர்ம்வேர் அப்டேட்டா கொடுத்தாங்க. அதாவது ஹார்ட்வேர்ல ஒரு குறையும் இல்ல, சாஃப்ட்வேர்தான் பூட்டி இருந்துச்சு.

2013தான் அவங்களோட பெரிய வருஷம். லைவ் வியூ (காட்சி நேரடியா திரையில தெரியறது) ஓடறப்ப சென்சார்லேர்ந்து வர்ற ரா டேட்டா மெமரியில ஒரு மூலையில ஏற்கனவே கிடக்குதுன்னு கண்டுபிடிச்சு, அத நேரா கார்டுல எழுத ஆரம்பிச்சாங்க. 5டி மார்க் 3ல 1920க்கு 1080, 14 பிட், விநாடிக்கு 24 ஃப்ரேம், கணக்கு போட்டு பாத்தீங்கன்னா விநாடிக்கு சுமார் 87 மெகாபைட். வேகமான சிஎஃப் கார்டு இருந்தா ஓடும். அதே வருஷம் டூயல் ஐஎஸ்ஓ வந்துச்சு, எனக்கு இதுதான் இன்னும் பிடிச்சது. சென்சார்ல ரெண்டு ரெண்டு வரியா பிரிச்சு, ரெண்டு வரிய ஐஎஸ்ஓ 100லயும் அடுத்த ரெண்டு வரிய ஐஎஸ்ஓ 1600லயும் படிக்கறது, ஒரே க்ளிக்குல, அப்புறம் கம்ப்யூட்டர்ல சேத்தா நிழல்ல மூணு ஸ்டாப் கூடுதலா கிடைக்கும். வெளிச்சமான இடத்துலயும் ரொம்ப இருட்டான இடத்துலயும் நுணுக்கம் பாதியாகும், கோடுகள்ல பிசிறு வரும், அது உண்மை. ஆனா அந்த சென்சாருக்கு அப்படி ஒரு திறமை இருந்துச்சு, விளம்பரத்துல இல்ல, மேனுவல்ல இல்ல, வெளில உக்காந்து சென்சாரோட உள் செட்டிங்க (ரிஜிஸ்டர) ஒண்ணொண்ணா தட்டிப் பாத்தவங்களுக்குத்தான் தெரிஞ்சுது.

இதெல்லாம் பூட்ட உடைச்சு உள்ள போனவங்க கதை. கதவ முறையா வச்சு கட்டினா எப்படி இருக்கும்னு ஸ்டான்ஃபோர்டுல மார்க் லெவாய் குழு நோக்கியா ஆராய்ச்சிக்காரங்களோட சேந்து செஞ்சு காட்டினாங்க, 2010ல. ஃப்ராங்கன்கேமரான்னு பேர். லினக்ஸ் ஓடற ஒரு போர்டு, ஒரு சென்சார், முன்னாடி கேனான் லென்ஸ், பாக்க ஒரு பெரிய கறுப்பு டப்பா மாதிரி. கூடவே நோக்கியா என்900 போன்லயும் அதே சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேருக்கு எஃப்கேம்னு பேர். அதுல இருக்கற யோசனை ரொம்ப அழகானது, நான் இத கேமராக்காரங்க எல்லார் கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன். அதுவரைக்கும் கேமரான்னா ஒரு நிலைமை, ஐஎஸ்ஓ இவ்ளோ ஷட்டர் இவ்ளோன்னு செட் பண்ணி வச்சுட்டு எடுக்கறது, மாத்தணும்னா பழையத முடிச்சு நிறுத்தி திரும்ப ஆரம்பிக்கணும். எஃப்கேம்ல ஒவ்வொரு படமும் தனித்தனி கோரிக்கை. இந்த ஷட்டர், இந்த ஐஎஸ்ஓ, நடுவுல இந்த நேரத்துல ஃப்ளாஷ் அடி, லென்ஸ இங்க நகத்துன்னு ஒரு சீட்டு எழுதி வரிசையில போடற மாதிரி. படம் திரும்பி வர்றப்ப எந்த செட்டிங்ல எடுத்தேன், லென்ஸ் எங்க இருந்துச்சு, ஃப்ளாஷ் எப்ப அடிச்சதுன்னு எல்லாத்தையும் அதுலயே ஒட்டிக்கிட்டு வரும். அடுத்தடுத்த ஃப்ரேம் வேற வேற எக்ஸ்போஷர்ல நிக்காம ஓடும். அத வச்சு வியூஃபைண்டர்லயே எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் ரெண்டும் தெளிவா தெரியற படம்) காட்டினாங்க. கைய ஆட்டறத ஜைரோ சென்சார் வச்சு அளந்து, கை அசையாத நேரத்துல எடுத்த படத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்தத தூக்கிப் போட வச்சாங்க.

இந்த யோசனை பரிசோதனை கூடத்தோட நிக்கல. 2014ல ஆண்ட்ராய்டு 5.0ல கேமரா2ன்னு புது ஏபிஐ (ஆப் எழுதறவங்க கேமராவுக்கு கட்டளை கொடுக்கற வழி) வந்துச்சு, அதுவும் இதே மாதிரிதான், படத்துக்கு ஒரு கோரிக்கை, கோரிக்கைக்கு ஒரு பதில். லெவாய் கூகுளுக்கு போயி எச்டிஆர் ப்ளஸ் மேல வேலை செஞ்சாரு, ஒரே மாதிரி குறைஞ்ச எக்ஸ்போஷர்ல பல படம் எடுத்து சேத்து ஒரு படமாக்கறது. போன் கேமரா இன்னிக்கு இவ்ளோ தூரம் வந்ததுக்கு காரணம் சென்சார் மட்டும் இல்ல, அத எழுத விட்டதும்தான். தனி கேமராவுக்கு பெரிய சென்சார், நல்ல லென்ஸ், நிஜமான பட்டன், எல்லாம் இருக்கு, எழுத இடம் மட்டும் இல்ல. எனக்கு இதுல இருக்கற வருத்தம் சாதாரண வருத்தம் இல்ல.

சோனி பாதி தூரம் வந்தாங்க. 2012ல என்இஎக்ஸ்-5ஆர் கூட ப்ளேமெமரீஸ் கேமரா ஆப்ஸ்னு ஒரு ஆப் கடை திறந்தாங்க. அதுல ஸ்மூத் ரிஃப்ளெக்ஷன்னு ஒண்ணு, பல படத்த அடுத்தடுத்து எடுத்து கேமராவுக்குள்ளயே சராசரி பண்ணி, என்டி ஃபில்டர் (வெளிச்சத்த குறைக்கற கண்ணாடி) இல்லாமலே தண்ணிய பட்டு மாதிரி காட்டும். நல்ல யோசனை. ஆனா வெளி ஆள் ஆப் எழுத வழி விடல, டைம்லேப்ஸுக்கு தனியா காசு. 2017ல வந்த ஏ9, ஏ7ஆர் 3லேர்ந்து அந்த ஆப் வசதியயே எடுத்துட்டாங்க. விளைவு என்னன்னா ஏ7ஆர் 3 வாங்கினவங்களுக்கு இண்டர்வல் ஷூட்டிங்னு ஒரு அடிப்படை வசதி 2019 ஏப்ரல் ஃபர்ம்வேர் வர்ற வரைக்கும் கேமராவுக்குள்ள கிடையாது. டைமர் வச்சு க்ளிக் பண்றது, அவ்ளோதான் வேலை. யூசர் எழுதலாம்னு இருந்திருந்தா கேமரா வந்த அந்த வாரமே யாராவது எழுதி எல்லாருக்கும் கொடுத்திருப்பாங்க.

கம்பெனிங்க ஏன் திறக்க மாட்டாங்கன்னு கேட்டா வழக்கமா சொல்ற காரணம் சர்வீஸ். யாரோ எழுதினத போட்டு கேமரா நின்னா சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு வருவாங்க. நியாயம்தான், அதுக்கு பதில் சிஎச்டிகே டிசைன்லயே இருக்குன்னு மேல சொன்னேன், கார்ட கழட்டினா பழைய கேமரா. அடுத்த காரணத்த அவங்க வெளிப்படையா சொல்ல மாட்டாங்க, மாடல் பிரிக்கறது. 2003ல வந்த கேனான் 300டியில ஃப்ளாஷ் காம்பன்சேஷன், மிரர் லாக்கப், ஐஎஸ்ஓ 3200 எல்லாம் கிடையாது, விலை கூடின 10டியில இருந்துச்சு. ஃபர்ம்வேர மாத்தி போட்டதும் 300டியிலயும் அதெல்லாம் வேலை செஞ்சுது. இன்னிக்கும் திரையில நமக்கு வேண்டிய கோடு போட்டுக்கற வசதிய சில மாடலுக்கு சோனி தனி லைசென்ஸா விக்கறாங்க. திரை மேல நாலு கோடு வரையறதுக்கு லைசென்ஸ். ஸ்கிரிப்ட் இருந்தா அத ஸ்கூல் பிள்ளை எழுதிடும்.

பாதுகாப்பு பத்தியும் பேசணும், அத தட்டிக் கழிக்க கூடாது. 2019ல செக் பாயிண்ட் ஆராய்ச்சிக்காரங்க கேனான் 80டியில வைஃபை வழியா நுழைஞ்சு, கார்டுல இருக்கற போட்டோவ எல்லாம் பூட்டி பணம் கேக்கற ரான்சம்வேர ஓட்டிக் காட்டினாங்க. மேஜிக் லாண்டர்ன் ஆளுங்க சேத்து வச்ச தகவல் அவங்களுக்கு உதவினது உண்மை. இத காட்டி பாத்தீங்களா திறந்தா ஆபத்துன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா ஓட்டை எங்க இருந்துச்சு? கேமராவும் கம்ப்யூட்டரும் பேசிக்கற பிடிபி பகுதியில, கேனான் எழுதின கோட்ல, பூட்டி வச்சிருந்த ஃபர்ம்வேர்ல. அத யாரும் வெளில உக்காந்து படிக்கலேன்னா ஓட்டை இல்லாம போயிருக்காது, யாருக்கும் தெரியாம இருந்திருக்கும். கண்டுபிடிச்சு சொன்னதாலதான் கேனான் அப்டேட் விட்டாங்க. யூசர் ஸ்கிரிப்ட்டுக்கு நெட்வொர்க்கும் வேண்டாம், மத்த ஃபைல அழிக்கற உரிமையும் வேண்டாம், அத ஒரு எல்லைக்குள்ள வச்சு ஓட்டறது போன்லயும் ப்ரவுசர்லயும் தினம் நடக்கற விஷயம்.

அதனால நான் கேக்கறது முழு சோர்ஸ் கோடு இல்ல. கொடுத்தா சந்தோஷம், ஆனா ஆட்டோஃபோகஸ் ரகசியத்தயும் கலர் ரகசியத்தயும் அவங்களே வச்சுக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு சின்ன மொழி, லுவா போதும். எக்ஸ்போஷர், ஃபோகஸ் தூரம், ஃப்ளாஷ் மூணையும் படத்துக்கு படம் சொல்ல முடியணும். ஹிஸ்டோகிராம், ஜைரோ, பேட்டரி, ஃபோகஸ் கிடைச்சுதா இல்லையா, இத எல்லாம் படிக்க முடியணும். திரையில கோடும் எழுத்தும் போட முடியணும். எந்த பட்டன்லயும் எந்த டயல்லயும் ஸ்கிரிப்ட்ட மாட்ட முடியணும். அது கார்டுல சாதா ஃபைலா இருக்கணும், இன்னொருத்தருக்கு கொடுக்க முடியணும், ஆப் கடை அக்கவுண்ட் எதுவும் கேக்க கூடாது, ஏன்னா கடைய மூடினா நம்ம ஆப்பும் போயிடும். மோட்டார் சூடாகற எல்லை, சென்சார் சூடாகற எல்லை எல்லாம் கேமரா கையிலயே இருக்கட்டும், ஸ்கிரிப்ட் அத மீற முடியாத மாதிரி.

இது நடக்காத கனவு இல்லேன்னு காட்ட கோப்ரோ லேப்ஸ் போதும். கம்பெனியே விடற ஃபர்ம்வேர், கட்டளைய க்யூஆர் கோடா மாத்தி கேமரா முன்னாடி காட்டினா படிச்சுக்கும். காலையில இத்தனை மணிக்கு தானா எழுந்திரு, அசைவு தெரிஞ்சா மட்டும் பதிவு பண்ணு, அப்புறம் தூங்குன்னு எழுதலாம், நான் மேல சொன்ன அந்த "ஆச்சுன்னா" அதுல இருக்கு. ஒரு ஆக்ஷன் கேமராவுல முடியறது பெரிய கேமராவுல முடியாதா?

இப்போதைக்கு தொட்டுப் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு வழி இருக்கு. கம்ப்யூட்டர் கூட கேபிள் போட்டு எடுக்கறதுக்கு ஜிஃபோட்டோ2 லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும், ஏகப்பட்ட கேமராவ அது புரிஞ்சுக்கும், லூப்பும் கண்டிஷனும் நம்ம கம்ப்யூட்டர்ல எழுதிக்கலாம், கேபிள் நீளத்துக்கு மேல நகர முடியாதுங்கறது மட்டும் குறை. முழுசா நம்ம கைல வேணும்னா ராஸ்பெர்ரி பையோட ஹை குவாலிட்டி கேமரா, 2020ல வந்தது, 12.3 மெகாபிக்சல் சோனி சென்சார், சி மவுண்ட் லென்ஸ் மாட்டலாம், பைத்தான்ல எல்லாத்தையும் சொல்லலாம். சென்சார் சின்னது, ஆனா கத்துக்க அத விட நல்ல இடம் இல்ல.

எல்லாத்தையும் விட சுலபம், அலமாரியில தூங்கற பழைய பவர்ஷாட்ட எடுக்கறது. சிஎச்டிகே எல்லா மாடலுக்கும் இல்ல, அதுவும் மாடல் ஒண்ணா இருந்தாலும் ஃபர்ம்வேர் வெர்ஷன் வேறயா இருந்தா ஃபைல் வேற, 1.00ஏவுக்கு உள்ளத 1.01பியில போட்டா ஓடாது. வெர்ஷன் பாக்க, காலியா ஒரு ஃபைல் உருவாக்கி அதுக்கு ver.req-னு சின்ன ஆங்கில எழுத்துல பேர் வச்சு கார்டுல மேலாக்கா போடுங்க, கேமராவ ப்ளே மோடுல ஆன் பண்ணி, ஃபங்க்ஷன் செட் பட்டன பிடிச்சுக்கிட்டே டிஸ்ப்ளே பட்டன அமுக்குங்க, திரையில வரும். பல மாடல்ல இதான் வழி. அதுக்கு ஏத்த ஃபைல போட்டு, கார்டு லாக்க தள்ளி, முதல்ல இண்டர்வல் ஸ்கிரிப்ட்ட ஓட்டிப் பாருங்க, அப்புறம் அந்த ஃபைலயே திறந்து ஒரு எண்ண மாத்திப் பாருங்க. மின்னல் ஸ்கிரிப்ட் எழுதினா கமெண்ட்ல போடுங்க, எத்தனை கட்டம் வச்சீங்க, வெளிச்ச வித்தியாசம் எவ்ளோ வச்சீங்கன்னு சேத்து சொல்லுங்க, அந்த ரெண்டு எண்ணும் ஒவ்வொரு மாடலுக்கும் மாறுது.